மூக்கில் வைக்காத ஈயம்

மூன்றாவது பச்சையும் சரியில்லை என்று அனஸுக்குத் தோன்றிக்கொண்டிருந்தபோது கீழே வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பல்குத்தும் குச்சியின் நுனியில் செருகிய சின்னக் கூம்பு ஒன்றை அவன் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மிக்-21 போர்விமானத்தின் முன்வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு அது. நிஜ விமானத்தில் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கலாம். அவன் கையிலிருந்தது கட்டைவிரலின் மேல்கணு அளவு. ஒரு புகைப்படத்தில் அது இலைப்பச்சையாக இருந்தது, இன்னொன்றில் பாசிப்பச்சை, மூன்றாவதில் வெயில் தின்று ஏறக்குறைய சாம்பல். எந்தப் படத்தை நம்புவது என்று முடிவெடுக்க முடியாமல் மூன்று தரம் அடித்து இரண்டு தரம் சுரண்டியிருந்தான்.

கூம்பைத் தவிர மற்றதெல்லாம் முடிந்திருந்தது. ஸ்பாஞ்சு வெட்டிச் செய்த தொட்டிலில் விமானம் மேஜை நடுவே கிடந்தது. பகலில் ஜங்ஷனில் செல்போன் பழுதுபார்க்கும் வேலை, மாலையில் வண்ணாரப்பேட்டையில் கணினி வரைபட வகுப்பு, இரண்டுக்கும் போக மிஞ்சியதையெல்லாம் இரண்டு வருடமாக அதற்குக் கொடுத்திருந்தான். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளை அப்படியே ஒட்டியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். ஆனால் சக்கரம் மடங்கும் குழிக்குள் குழாயும் கம்பியும் இல்லாமல் வெறிச்சென்றிருந்தது அவனைத் தூங்கவிடவில்லை. பழைய சார்ஜர் வயரை உரித்து, ஒவ்வொரு செம்பு இழையாகச் செல்போன் கடையின் சாமண இடுக்கியால் பதித்தான். பின்பக்கப் புகைவாய் மொட்டையாக இருப்பதாகப்பட்டது. ரெசினில் வார்த்த வேறொன்றை வரவழைத்துப் பொருத்தினான். ஒன்றை முடித்ததும் அது தப்பு என்று தோன்ற ஆரம்பிக்கும். பிரித்துவிட்டுத் திரும்பச் செய்வான். திரும்பச் செய்தபிறகு முதலில் செய்ததே சரியோ என்று தோன்றும்.

ரெசின் புகைவாய் கனமானது. அதனால் விமானத்துக்கு வால் கனத்துவிட்டது. சக்கரத்தில் நிறுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். இந்த வேலையில் இறங்குகிற எல்லோருக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான்: மூக்குக்குள் பாரம் வைக்க மறக்காதே. கூம்புக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு குழிவு உண்டு. அனஸ் அதற்காகச் சின்ன ஈயக்குண்டுகள் நான்கை எடுத்து வைத்திருந்தான். மீன்வலையின் அடிவிளிம்பில் கோக்கிற ஈயம். வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரனான அஜின், உவரியில் தன் அப்பா ஜேசுதாசனின் வலையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது. "பறக்காத பிளேனுக்கு இது வேறயாலே" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். பாரத்தை வைத்துவிட்டுக் கூம்பை ஒட்டினால் வேலை முடிந்தது. பச்சை முடிவாகாததால் கூம்பை ஒட்டவில்லை. கூம்பை ஒட்டாததால் ஈயமும் மேஜை டிராயரில் கிடந்தது.

சேரன்மகாதேவி சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் விமான மாதிரிகளின் கண்காட்சி வைக்கிறார்கள் என்று வகுப்பு சார் சொல்லியிருந்தார். நடுவராக வருகிறவர் விமானப்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் காட்சிக்கூடங்களுக்கு விமான மாதிரிகள் செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்துகிறார். கைவேலை சுத்தமாக இருக்கிற ஒருவனைக் கையோடு வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வார் என்று பேச்சு. அனஸ் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். அது நடக்காவிட்டால் கடல் தாண்டித் தம்மாம். அங்கே வாப்பா வேலை பார்க்கிற மளிகைக் கடையில் சாமான் அடுக்கும் வேலை காலியாக இருந்தது. அதற்காகத்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தது. பெங்களூரா தம்மாமா என்கிற கேள்வி அந்த ஸ்பாஞ்சுத் தொட்டிலில் கிடந்தது.

"ஏலே அனஸ், பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஏட்டையா வந்திருக்காவ" என்று உம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். அவன் சட்டையைத் தேடி மாட்டுவதற்குள் படியில் காலடி கேட்டது. ஏட்டு காந்திமதிநாதன் கனத்த உடம்புக்காரர். மேல்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். வாப்பா பெயர் அசன் மைதீன், தம்மாமில் இருக்கிறார், வீடு சொந்த வீடு, வழக்கு ஏதும் இல்லை. அதோடு போயிருக்கலாம். அவர் கண் மேஜைக்குப் போய்விட்டது.

"இது என்னதுவே?"

"மாடல் சார். பிளாஸ்டிக்ல செய்யுதது."

"பறக்குமா?"

"பறக்காது சார்."

"பறக்காததுக்கா இந்தப் பாடு?" என்று சிரித்தார். சிரித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பினார். சுவரில் அனஸ் ஒட்டியிருந்த அச்சுப் படங்கள். விமானம் முழுசாகத் தெரிகிற படம் ஒன்றுகூட அதில் இல்லை. சக்கரக் குழி, இறக்கையின் அடிப்பக்கம், விமானியின் இருக்கை, புகை படிந்த வயிறு. எல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய படங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றின்மேலும் அனஸ் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு எண் கொடுத்திருந்தான். ஏட்டு ஒவ்வொரு அம்பாகப் பார்த்தார்.

"இந்த அம்பெல்லாம் என்னத்துக்கு?"

"எந்த இடத்துக்கு எந்தக் கலர்னு சார்."

"ஓஹோ. குண்டு எங்கன மாட்டுவாவ?"

விமானத்தைப் பற்றி யாரும் அவனிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. உம்மா கேட்டதில்லை, அஜின் கேட்டதில்லை, கடை முதலாளி அவனைப் பொம்மைக்காரன் என்பார். கேள்வி என்று ஒன்று வந்ததும் அனஸ் விமானத்தைத் தொட்டிலோடு தூக்கி, கவிழ்த்து, சாமண நுனியால் தொட்டுத் தொட்டுச் சொன்னான். வயிற்றுக்கு நடுவில் எண்ணெய்த் தொட்டி. இறக்கைக்கு அடியில் உள்பக்கத் தாங்கியில் குண்டு. வெளிப்பக்கத் தாங்கியில் ஏவுகணை. ஏவுகணைக்கு மட்டும் நீளமான தண்டவாளம் மாதிரி ஒன்று வரும், குண்டுக்கு அது வேண்டாம், கொக்கி போதும். கடைகளில் வருகிற பொம்மைகளில் இதையெல்லாம் தப்பாகவே வைத்திருப்பார்கள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தபோது ஏட்டுக்குப் பின்னால் உம்மா தேநீர்த் தம்ளரோடு நிற்பதைப் பார்த்தான். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

ஏட்டு தேநீரைக் குடித்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்க. அதக் கையில பிடி, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்" என்று தன் செல்போனை நீட்டினார். அனஸ் விமானத்தோடு நின்றான். பின்னால் சுவரும் அம்புகளும். ஏட்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பைக் சத்தம் தெருமுனை திரும்பியதும் உம்மா காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். உம்மா மும்தாஜ் பேகம் சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஏம்ல அம்புட்டும் சொன்ன?"

"கேட்டாவ, சொன்னேன்."

"எந்த எடத்துல குண்டு வைக்கணும்னு ஒனக்குத் தெரியும்னு அவுகட்ட சொல்லுததா? நாம எந்த ஊருல இருக்கோம்னு தெரியாதா ஒனக்கு?"

தெரியும். ஒருமுறை, வகுப்புக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பாளையங்கோட்டையில் அறை பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். முஸ்லிம்கள் வாழும் ஊரென்று எல்லோருக்கும் தெரிந்த மேலப்பாளையம் என்றதும், அறையை மச்சினன் கேட்டிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அனஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அல்லது அப்படித்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது ஏட்டின் சிரிப்பை நினைவில் ஓட்டிப் பார்த்தான். பாராட்டுகிறவரின் சிரிப்பா அது, அல்லது ஆளைப் பேசவிட்டு எடைபோடுகிறவரின் சிரிப்பா என்று பிடிபடவில்லை. பச்சையைப் போலவே அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரித் தெரிந்தது.

தம்மாமிலிருந்து வாப்பாவின் குரல்பதிவு வந்தது. பின்னணியில் குளிர்பெட்டியின் இரைச்சல். "மக்கா, நான் ஒண்ணும் தப்புன்னு சொல்லல. பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் அதெல்லாம் வீட்டுல இருக்க வேண்டாம். ஒம் பேரும் எங்கயும் வர வேண்டாம். பைய இருந்துக்கோ." உம்மா அதற்குமுன்பே சுவரிலிருந்த படங்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தாள். வழவழப்புத் தாள் ஆகையால் சட்டென்று பற்றவில்லை. சுருண்டு சுருண்டு, அம்புக்குறிகள் கடைசியாகக் கருகின.

விமானத்தைக் கொஞ்சநாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று அஜினைக் கேட்டதும் அவன் ஸ்கூட்டரில் வந்துவிட்டான். பாளையங்கோட்டையில் அக்கா லிண்டா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். பழகுவதற்கு இதமானவன். போகிற இடத்தில் அவனைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. கோடு போடுவது மட்டும் வராது. வகுப்பில் அவன் ஒப்படைக்கும் வரைபடங்களில் பாதி அனஸ் போட்டவை. ஒருமுறை சார் எல்லோர் முன்னாலும், "அஜினோட கோடப் பாருங்கடே, எம்புட்டு சுத்தம்" என்றார். அஜின் திரும்பி அனஸைப் பார்த்துக் கண்ணடித்தான். அனஸுக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

"ஏட்டு வந்தாருன்னா அதுக்காக பிளேன நாடு கடத்துவியாலே" என்றபடி அஜின் அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "கண்காட்சிக்கு என்ன செய்யப்போற?"

"வேண்டாம்னுட்டாவ."

"வேண்டாம்னா? ரெண்டு வருசம் இதுக்குள்ளயே கெடந்திருக்க."

அனஸ் கூம்பைப் பெட்டியில் எடுத்து வைத்தான். பிறகு அது உருண்டு தொலைந்துவிடும் என்று, களிமண்போல் பிசைகிற ஒட்டுமாவு கொஞ்சம் உருட்டி, அதன் இடத்திலேயே அழுத்தி வைத்தான். தொட்டிலின்மேல் இன்னொரு ஸ்பாஞ்சு. அதன்மேல் செய்தித்தாள். அஜின் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். டிராயரில் ஈயம் கிடப்பது அனஸுக்கு ஸ்கூட்டர் மறைந்தபிறகு நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னாலேயே நினைவிருந்தும் வாய் திறக்கவில்லையோ என்று பின்னால் பலநாள் யோசித்தான்.

அதன்பிறகு மேஜை வெறும் மேஜையாக இருந்தது. உம்மா அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்தாள். கடையில் பழுதுபார்க்கும்போது அவன் கை தானாக நிற்கும். ஒரு திருகாணியைச் சாமணத்தில் பிடித்தபடி, அந்தப் பச்சையில் ஒரு சொட்டுப் பழுப்பு சேர்த்திருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஏட்டு திரும்ப வரவில்லை. வராததையும் நல்லதுக்கு என்று எடுக்க முடியவில்லை. தெருவில் காக்கிச் சட்டை எதிரில் வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது தபால்காரர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை, எதுவும் நிற்கவில்லை. நீலப் புத்தகத்தை உம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அனஸ் மாடிக்குப் போய் அஜினைக் கூப்பிட்டான்.

"பாஸ்போர்ட் வந்துட்டுலே. நான் வைக்கேன் கண்காட்சிக்கு. பெட்டிய நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

மறுமுனையில் அஜின் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. "நீ எதுக்கு அலையுத? அக்கா வீட்டுல இருந்து காலேஜ் வண்டி போவுது. நானே கொண்டாந்துருதேன். நீ நேரா அங்க வா."

"காலையில வெள்ளனவே வாரேன். மூக்குல கொஞ்சம் வேலை இருக்கு."

"வா வா" என்றான் அஜின்.

கண்காட்சி அன்று காலையில் உம்மாவிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். சட்டைப் பையில் நான்கு ஈயக்குண்டு, ஒரு பசைக் குப்பி, கடைசியாகக் கலந்த பச்சை ஒரு மூடியளவு. அந்தப் பச்சை சரியாக வந்திருப்பதாக அவனுக்கே பட்டது. அப்படி அவனுக்கு அநேகமாகப் படுவதே இல்லை. பேருந்து நிலையத்தில் சேரன்மகாதேவி வண்டி நெடுநேரம் வரவில்லை. வந்தது வழியில் பஞ்சராகி, நெல் அறுத்துக் கிடந்த வயலோரம் எல்லோரையும் இறக்கிவிட்டது. அவன் கல்லூரி வாசலுக்குள் நுழைந்தபோது குத்துவிளக்கு ஏற்றி, பேசி, கைதட்டி, எல்லாம் முடிந்திருந்தது.

நீள மண்டபத்தில் வெள்ளைத்துணி விரித்த மேஜைகள் வரிசையாக இருந்தன. தெர்மாக்கோலில் செய்த ராக்கெட்டுகள், மாணவர்களின் டிரோன்கள், அட்டை விமானங்கள். கடைசிக்கு முந்தின மேஜையைச் சுற்றி மட்டும் கூட்டம். தோள்களுக்கிடையில் அனஸ் தன் விமானத்தைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் அதை அவன் தூரத்திலிருந்து பார்த்ததே கிடையாது. எப்போதும் மூக்குக்கு நேரே பிடித்துத்தான் பார்த்திருக்கிறான். தூரத்திலிருந்து அது நிஜமாக இருந்தது. வெயிலில் ஓடுபாதையில் நிற்கிற, இப்போதுதான் இறங்கி வந்த, வயிற்றில் புகை படிந்த ஒரு விமானம். கூட்டத்துக்குள் நுழைந்து முன்னால் வந்தான். விமானத்தின் முன்னால் கூடாரம்போல மடித்து நிறுத்திய அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது: மிக்-21, செய்தவர் அஜின் ஜே., உவரி.

அஜின் மேஜைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். "உள்ள பாத்தீங்கன்னா, அந்தக் கம்பியெல்லாம் சார்ஜர் வயரு சார். ஒவ்வொண்ணா உரிச்சு எடுத்தது." அனஸைக் கண்டதும் வார்த்தை நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர் நகரும்வரை காத்திருந்துவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து அனஸின் முழங்கையைப் பிடித்துத் தூண் பக்கம் கூட்டிப்போனான்.

"நீதானலே வேண்டாம்னுட்டாவன்னு சொன்ன. சார் கேட்டாவ. எடம் சும்மா கெடக்கக் கூடாதுன்னு எம் பேரக் கொடுத்தேன்."

"பொறவு நான் போன் பண்ணுனேம்லா."

"அதுக்குள்ள அச்சடிச்சுட்டாவலே." அஜின் குரலைத் தாழ்த்தினான். "ஒனக்கும் இதுதாம்லே நல்லது. பேப்பர்க்காரன் வந்து போட்டோ எடுத்திருக்கான். நாளைக்கு ஒம் பேரோட அது வந்துச்சுன்னு வையி, ஊரோட வந்துச்சுன்னு வையி. ஒங்க உம்மாதான் கெடந்து பதறுவாவ. எம் பேருல வந்தா எவன் என்ன கேக்கப்போறான்?"

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உம்மா பதறத்தான் செய்வாள். அஜின் பெயரை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். உவரி என்று எழுதினால் மீன் என்று நினைப்பார்கள், கடல் என்று நினைப்பார்கள், அவ்வளவுதான்.

"அந்த ஆபீசரு?" என்று கேட்டான்.

அஜின் கழுத்தைத் தடவிக்கொண்டான். "வந்தாரு. சக்கரக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாரு. அந்தப் பச்சை மட்டும் கொஞ்சம் வெளுப்புன்னாரு. மத்தபடி..." என்று நிறுத்தினான். "எம் நம்பர வாங்கிருக்காரு. அடுத்த மாசம் பெங்களூரு வரச் சொன்னாரு. நான் போய் ஒட்டிக்கிட்டேன்னா, பொறவு ஒன்னயும் பையக் கூப்புட்டுக்கிடுதேன். சத்தியமாலே. நீ இல்லாம எனக்கு அங்க என்ன தெரியப்போவுது?"

அனஸுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வெளுப்பு என்று சொல்லிவிட்டார். மூன்றாவது பச்சை தப்பு என்று இந்த ஊரில் அவனைத் தவிர ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒருவர் அதை அஜினிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சட்டைப் பையில் சரியான பச்சை இருந்தது.

"யாரு, நம்ம அனஸா?"

திரும்பினான். வேட்டி சட்டையில் ஆளை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. ஏட்டு காந்திமதிநாதன். ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற மகளின் தோளில் கை போட்டிருந்தார். அந்தப் பெண் விமானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அனஸைப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட் வந்துட்டுல்லா?"

"வந்துட்டு சார்."

"வரும்னு தெரியும். அன்னைக்கே எழுதி அனுப்பிட்டேன்." மேஜைக்குக் குனிந்தார். விமானத்தைப் பார்த்தார், அட்டையைப் படித்தார், நிமிர்ந்தார். "என்னவே இது? இது உங்க வீட்டு மாடியில இருந்ததுல்லா? நீ செஞ்சதுதான?"

அஜின் மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துணியின் சுருக்கத்தை நீவினான். பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்களும் வகுப்பு சாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டு சட்டைப்பையில் கைவிட்டுச் செல்போனை எடுத்தார். "எங்கிட்ட போட்டோ இருக்குவே. நீ கையில பிடிச்சிட்டு நிக்கியே, அது."

அந்தப் படத்தை அனஸ் பார்த்ததில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் இருப்பான், விமானம் இருக்கும், பின்னால் சுவர் முழுக்கச் சிவப்பு அம்புகள் இருக்கும். அந்த விமானம் அவனுடையது என்று சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அது. மற்றதெல்லாம் வெந்நீர் அடுப்பில் போய்விட்டது. ஏட்டின் கட்டைவிரல் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டே போயிற்று. கல்யாண வீடு, கோயில் தேர், யாருடைய அடையாள அட்டையோ. ஆமா சார் என்று ஒரு சொல் போதும். சார் பக்கத்தில்தான் நிற்கிறார், அதிகாரி இன்னும் கிளம்பியிருக்க மாட்டார். அனஸ் வாயைத் திறந்தான்.

"இல்ல சார். அது வேற."

"வேறயா?"

"நான் செஞ்சது சும்மா, சின்னது. வீட்டுல கெடக்கு. இது இவன் செஞ்சது."

அத்தனை மளமளவென்று அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஏட்டின் கட்டைவிரல் நின்றது. அவனை ஏறிட்டுப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்தாரா, வருத்தமாகப் பார்த்தாரா என்று அனஸால் அப்போதும் சொல்ல முடியவில்லை. செல்போனைத் திரும்பப் பையில் போட்டார்.

"அப்படியா. நான் வழிநெடுக இவட்ட சொல்லிக்கிட்டே வந்தேன். நம்ம ஸ்டேஷன் பக்கத்துப் பையன், கையில அப்படி ஒரு வேலைன்னு. இவளுக்கு பிளேன்னா உசுரு. அன்னைக்கு போட்டோ எடுத்ததே இவட்ட காட்டத்தான்."

அஜின் நீளமாக மூச்சை விட்டது அனஸுக்குக் கேட்டது. வகுப்பு சார் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ஏட்டின் மகள் மேஜை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, சக்கரக் குழிக்குள் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்தாள். மேஜை லேசாக அசைந்தது.

விமானத்தின் முன்சக்கரம் வெள்ளைத்துணியை விட்டுப் பிரிந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த இருபக்க டேப்பின் பசை நூல்போல இழுபட்டு விட்டுப்போவதை அனஸ் பார்த்தான். காலையிலிருந்து அதுதான் தாங்கியிருக்கிறது. மூக்கு மெதுவாக உயர்ந்தது. வால் மேஜையில் பட்டு 'டக்' என்றது. கூம்பு கூரையைப் பார்த்தது. மாணவர்களில் ஒருவன், "ஏலே, கெளம்பிட்டுலே" என்றான். சிரிப்பு எழுந்தது. பெண் பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்று அஜின் ஒரு விரலால் மூக்கை அமுக்கினான். சக்கரம் துணியைத் தொட்டது. விரலை எடுத்தான். மூக்கு மறுபடியும் எழுந்தது. இன்னொரு தரம் அமுக்கினான், எடுத்தான், எழுந்தது. இப்போது சிரிக்காதவர் இல்லை. அஜின் மட்டும் சிரிக்கவில்லை. மூக்கின்மேல் விரலை வைத்தபடி, தலையைத் தூக்காமல், அனஸுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"என்ன செய்யணும்லே? சொல்லித் தொலையேன்."

அனஸின் கை சட்டைப் பைக்குள் இருந்தது. ஈயம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கூம்பை வலப்பக்கமாகத் திருகினால் ஒட்டுமாவு விட்டுக் கையோடு வந்துவிடும். நான்கையும் உள்ளே தள்ளி, ஒரு சொட்டுப் பசை வைத்து, கூம்பை அழுத்தினால் முடிந்தது. ஏட்டு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே கூம்பைக் கழற்றத் தெரிந்தவன் யாராக இருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிடும். புரியட்டும் என்றும் இருந்தது. ஆனால் வைத்துவிட்டால் அந்த விமானம் அஜினுக்காக முழுசாக நிற்கும். பெங்களூர்வரைக்கும் நிற்கும். விரல்கள் நான்கு குண்டுகளையும் சேர்த்து மூடின, திறந்தன, மூடின.

அஜின் காத்துப் பார்த்தான். பிறகு ஒரு கையால் மூக்கை அமுக்கியபடியே மற்றக் கையால் முன்னாலிருந்த அட்டையை எடுத்தான். நெஞ்சில் வைத்து இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான். பெயரும் ஊரும் உள்ளே போயின. மடிப்பை வாலுக்கு அடியில் செருகிவிட்டு, விரலை ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். விமானம் நின்றது.

கூட்டம் கலைந்து அடுத்த மேஜைக்கு நகர்ந்தது. ஏட்டின் மகள் மட்டும் போகவில்லை. அட்டை இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரையும் பார்த்தாள், பிறகு அப்பாவின் கையை இழுத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்சக்கரம் ஒரு மயிரிழை எழும்பி, திரும்பத் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.